சிங்க் இல்ல, இன்னொரு தடவ

கல்யாணமான புதிதில் மற்ற பெண்கள் புருஷன் வாயால் கண்ணே, மணியே என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். நான் கேட்டது "சிங்க் இல்ல, இன்னொரு தடவ." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு பொத்தானை அழுத்தி, என் ஹெட்போனுக்குள் சொல்லுவார். முகத்தில் சிரிப்புக்கூட இருக்காது.

நான் டப்பிங் பேசுகிறவள். அவர் அதே ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியர். வேற்று மொழித் தொடர்கள் வந்து குவியும். திரையில் இருக்கிற அம்மணி வாயைத் திறக்கும்போது என் குரல் தொடங்க வேண்டும், அவள் மூடும்போது நான் முடிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அது சிங்க். பொருந்தாவிட்டால் குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், பார்க்கிறவன் சேனலை மாற்றிவிட்டுப் போய்விடுவான். எங்கள் பிழைப்பே அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது.

அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவர் குளித்துவிட்டு வருவதும் நான் டீயை ஆற்றி வைப்பதும் ஒன்றாய் நடந்தால் "அடடா, சிங்க்" என்பார். கடல் தாண்டி வேலை பார்க்கும் மகள், நாங்கள் விழித்திருக்கும் நேரம் அவள் தூங்குவதால், "நமக்கு சிங்க்கே ஆகலம்மா" என்று அலுத்துக்கொள்வாள். என் நாத்தனார், அவருடைய தங்கை, கைபேசியை நீட்டி "படமெல்லாம் சிங்க் ஆகலண்ணே, என்னன்னு பாரு" என்பாள். அவள் புருஷனை விட்டு வந்தபோது ஊரே வாய் ஓயாமல் காரணம் கேட்டது. "ஆளு நல்லவர்தான். சிங்க் ஆகல" என்றாள். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. எதற்குச் சொன்னாலும் பொருந்துகிற வார்த்தை என்று நானும் விளையாட்டாய் நினைத்திருந்தேன்.

அந்த வார்த்தை எழுதிய பொத்தான் ஒன்று ஆஸ்பத்திரி மெஷினிலும் இருக்கும், அதை அழுத்த ஒருத்தர் மறந்தால் என் புருஷன் உயிரோடு திரும்ப மாட்டார் என்று யார் நினைத்தார்கள்?

அவருக்கு முதலில் தெரிந்ததே காதில்தான். ஒரு மத்தியானம் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்னமோ தாளம் தப்புது" என்றார். நான் ஸ்பீக்கரைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஒயரைப் பிடுங்கி மாட்டுங்க" என்றேன். அவர் விரலை எடுக்காமலே, "ஸ்பீக்கர் இல்லடி, என் நெஞ்சு" என்றார்.

டாக்டரம்மா நிதானமான ஆள். படம் போட்டுக் காட்டினார். "இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல துடிச்சதும் கீழ துடிக்கணும். உங்களுக்கு மேல இருக்கறது இஷ்டத்துக்கு நடுங்குது. கீழ இருக்கறது எதுக்குன்னு பதில் சொல்லும்? திண்டாடுது."

"மாமியாரும் மருமகளும் ஒரே சமையல்கட்டுல நிக்கற மாதிரியா டாக்டர்?" என்றேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது.

"கிட்டத்தட்ட" என்று சிரித்தார்.

"அப்ப சிங்க் போயிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாங்களும் அதேதான் சொல்லுவோம்." ரத்தம் கட்டாமல் இருக்கச் சில வாரம் மாத்திரை, அதன் பிறகு ஒரு காலை வேளையில் லேசாக மயக்கம் கொடுத்து, நெஞ்சில் கரண்ட் வைத்து இதயத்தைப் பழைய தாளத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. உயிரோடு துடித்துக்கொண்டிருக்கிற நெஞ்சில் கரண்ட் வைப்பார்களாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரோ புது சவுண்ட் மிக்ஸர் வாங்கப் போன கடையில் நிற்கிற மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்.

"எந்த நேரத்துல விடுவீங்க?"

"கீழ் அறை துடிக்கற அந்த உச்சியில விழணும். துடிச்சு முடிச்சு அது இளைப்பாறற நேரத்துல விழுந்துட்டா..." டாக்டரம்மா நிறுத்தினார்.

"விழுந்துட்டா?" என்றேன் நான்.

"மொத்தமும் தாறுமாறாகி நின்னே போகலாம். அதுக்காகத்தான் மெஷின்ல சிங்க்குன்னு ஒரு பட்டன். அதை அழுத்திட்டா மெஷினே துடிப்பைப் பார்த்து சரியான இடத்துல விடும். பயப்படாதீங்க."

"ஒரு தடவ அழுத்தினா போதுமா?" இது அவர்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எங்க மெஷின்ல போதாது. ஒரு தடவ கரண்ட் விட்டதும் சிங்க் தானா அணைஞ்சிடும். ரெண்டாவது தேவைப்பட்டா மறுபடி அழுத்தணும். அழுத்தினதும் நர்ஸ் வாய்விட்டுச் சொல்லணும், திரையில துடிப்பு மேல குறி விழுதான்னு இன்னொருத்தர் பார்க்கணும். அப்புறம்தான் சார்ஜ். இதுதான் எங்க வழக்கம்."

அவருக்குப் பரம திருப்தி. எங்கள் ஸ்டூடியோவிலும் அதேதான் வழக்கம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் படமும் ஒலியும் ஒன்றாய் ஓடுகிறதா என்று பார்த்து, "சிங்க் ஓகே" என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிவப்பு விளக்கு எரியும். சொல்லாத வேலை செய்யாத வேலை. அவர் "நல்ல ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பயந்துகொண்டே வந்தேன். தானாக அணைந்துவிடும் என்று சொல்லிவிட்டாரே, அந்த ஒரு வாக்கியம் போதாதா?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பல் விளக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, எந்நேரமும் கண்முன்னே ஒரு விரல் அந்தப் பொத்தானை நோக்கிப் போகும், அழுத்தாமல் திரும்பிவிடும். அந்த நர்ஸுக்கு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்தால்? பேச்சுவாக்கில் மறந்துவிட்டால்? மனுஷர்கள்தானே. நான் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள்.

கரண்ட் வைக்கும் நாளுக்கு முந்தின நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். "தொடரோட கடைசி பாகம், உன் குரல் இல்லாம முடியாது, போ. இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப்போற?" என்று விரட்டினார். அந்தத் தொடரில் நான் பேசுவது மாமியாருக்கு. வீட்டையே ஆட்டிப்படைக்கும் கொடுமைக்காரி. தெருவில் காய் வாங்கப் போய் வாயைத் திறந்தால் கடைக்காரர் ஒரு நொடி அரண்டு போவார், அப்படிப்பட்ட குரல். அவர் இடத்தில் அன்றைக்கு உட்கார்ந்தது அவருடைய கூட்டாளி. தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

முதல் வசனம் பேசினேன். தாடி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பிறகு தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினான்.

"அண்ணி, கொஞ்சம் முந்திட்டீங்க."

"யாரு, நானா?"

"அந்தம்மா வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்க குரல் வந்துடுது. இன்னொரு தடவ போலாமா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "தம்பி, நீ தாடி வளக்கறதுக்கு முன்னாடியே நான் இந்த மைக் முன்னாடி நின்னவ. என் வீட்டுக்காரர் இத்தன வருஷத்துல ஒரு தடவ சொல்லியிருப்பாரா?"

சொன்னேனே தவிர, சொல்லும்போதே உறைத்தது. ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுவார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்துகிறேன் என்று வீட்டில்கூட முந்திரி என்றுதான் கூப்பிடுவார், இன்றும் அதே பெயர்தான். ஆனால் மைக்குக்கு முன்னால் அந்தப் பேச்சு எப்போதோ நின்றுபோயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலமாக இருக்கலாம். நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்?

தாடிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணி" என்று என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டான். கம்ப்யூட்டரில் பழைய பாகம் ஒன்றைத் திறந்தான். படத்துக்குக் கீழே குரல்கள் பட்டை பட்டையாக வரிசையில் நின்றன. என் குரல் மட்டும் பச்சை. "இது அண்ணன் சரி பண்ணது. இப்ப நீங்க பேசினபடியே விடறேன், பாருங்க" என்று ஒரு பொத்தானைத் தட்டினான். பச்சைப் பட்டைகள் அத்தனையும் ஒருசேர முன்னால் நகர்ந்தன. ஒன்று பாக்கியில்லை. போட்டுக் காட்டினான். திரையில் மாமியார் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், என் குரல் அவளுக்கு முன்னால் கத்திவிட்டுப் போகிறது. பார்க்கவே கேவலமாக இருந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே அண்ணி. நாங்கல்லாம் வீட்டுக்குப் போன பிறகு ஒண்ணொண்ணா பின்னாடி இழுத்து வச்சிட்டுதான் எழுந்திருப்பாரு. ஒருத்தரையும் தொட விடமாட்டாரு."

வேலை நிறைய இருக்கிறது, வர நேரமாகும் என்று அவர் சொல்லுவாரே, அந்த வேலை நான்தானா? எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? சிங்க் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் முழுக்க நான் பீற்றிக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றாரே? கூடவே இன்னொன்றும் தோன்றியது, அது ஆத்திரத்தை அப்படியே அமுக்கிவிட்டது. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், இனிமேல் என்னை யார் இழுத்து வைப்பார்கள்? அன்றைக்கு மிச்ச வசனம் எல்லாம் நாலு தடவை, ஐந்து தடவை போய்த்தான் முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சண்டை போடுவது என்றுதான் வந்தேன். அவர் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் வைத்த நாலு சட்டையில் மூன்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மத்தியானத்துக்கு இத்தன எதுக்கு? அங்கயே குடியிருக்கச் சொல்றியா?"

வாய் வரை வந்தது. விழுங்கினேன். இன்றைக்கே சண்டை போட்டு முடித்துவிட்டால் பாக்கி என்று ஒன்றும் இருக்காது. பாக்கி இருந்தால்தான் மனுஷன் திரும்பி வந்தாக வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான். பயத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று அந்த மூன்று சட்டையையும் மறுபடி பைக்குள் திணித்தேன்.

"ஏய் முந்திரி, ஒண்ணு செய்வியா?" என்றார். "நாளைக்கு எனக்கு மயக்கத்துல ஒண்ணும் கேக்காது. நீ கதவுகிட்ட நின்னு காது குடு. சிங்க்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாங்களான்னு கேட்டு வச்சுக்க. சும்மா, எனக்கு அப்புறமா தெரிஞ்சுக்கணும்."

"சொல்லலன்னா?"

"சொல்லுவாங்கடி."

அவர் சும்மா என்று சொன்னார். நான் சும்மா என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் நாத்தனாரும் வந்துவிட்டாள். பச்சை உடுப்பைப் போட்டு, சக்கரப் படுக்கையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உடுப்பு பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி. "முதுகெல்லாம் காத்து வாங்குது" என்றார். அதுதான் உள்ளே போகும் முன் கடைசியாகச் சொன்னது. வேறு ஏதாவது சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனுஷன்?

அந்த அறைக்குத் தள்ளுகிற கதவு, அதில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி இருந்தது. நாங்கள் எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் உட்காரவில்லை.

"உக்காருங்க அண்ணி. பதறாத காரியம் சிதறாது" என்றாள் நாத்தனார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ பதறாம இரு. எனக்கும் சேத்து இரு" என்றேன்.

கண்ணாடி வழியாக டாக்டரம்மாவின் முதுகு, ஒரு நர்ஸ், தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர், அவருடைய இரண்டு பாதம். உள்ளே பீப் பீப் என்று ஒரு சத்தம், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், படியில் தடுக்கித் தடுக்கி இறங்குகிறவன் மாதிரி. அதுதான் அவருடைய நெஞ்சு என்று புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சிங்க் ஆன்" என்றாள் நர்ஸ். கணீரென்று. தெய்வமே, நீ நல்லா இருப்பே. "குறி வருது" என்றார் மயக்க டாக்டர். மெஷின் விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. "எல்லாரும் விலகுங்க." பிறகு ஒரு சின்ன தட்டல். அந்த இரண்டு பாதமும் துள்ளி விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டேன்.

பீப், பீப்பீப், பீப். அதே தடுமாற்றம்.

"வரல" என்றார் டாக்டரம்மா. "அளவைக் கூட்டிக்கலாம். இன்னொரு தடவ."

இன்னொரு தடவ. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட அதே வார்த்தை. கேட்டதும் உடம்பு தயாராகிவிட்டது. நர்ஸ் அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டையை அழுத்திப் பார்த்தாள். மயக்க டாக்டர் ஊசியில் ஏதோ கொஞ்சம் செலுத்தினார். யாரும் பேசவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். சொல்லுங்கடி, சொல்லுங்க. டாக்டரம்மாவின் கை மெஷினை நோக்கிப் போகிறது. ஒருத்தரும் சிங்க் சொல்லவில்லை. விரல் நீள்கிறது. சொல்லவில்லை!

கதவைத் தள்ளியது என் கைதான். உள்ளே போனது என் கால்தான். ஆனால் வந்த குரல் என்னுடையது இல்லை, அந்தக் கொடுமைக்கார மாமியாருடையது.

"நிறுத்துங்க! சிங்க் போடல!"

அறை அப்படியே உறைந்தது. நர்ஸ் கையிலிருந்து துணி கீழே விழுந்தது. மயக்க டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், யாரோ துப்பாக்கியை நீட்டின மாதிரி. டாக்டரம்மா மட்டும் திரும்பி, விரலை எடுக்காமல், என்னைப் பார்த்தார்.

"அம்மா, இந்த விரல் எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். பொத்தான் மேல் இருந்தது. பொத்தானில் சிங்க் என்று எழுதியிருந்தது.

"இதை அழுத்தத்தான் கை நீட்டினேன். இன்னும் அழுத்தல. அழுத்தினப்புறம்தான் இவங்க சொல்லுவாங்க. சார்ஜே இன்னும் போடல." குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நீங்க முந்திட்டீங்க."

நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா? அங்கே அவர் கிடந்தார், வாய் லேசாகத் திறந்து, இத்தனை கூத்துக்கும் அசையாமல். விழித்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "மன்னிச்சிடுங்க" என்றேன், அது என் சொந்தக் குரலில், யாருக்கும் கேட்காத குரலில். ஒரு ஆயா வந்து என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள். இந்தத் தடவை கதவு இறுகச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையையும் இழுத்துவிட்டார்கள்.

"என்ன அண்ணி பண்ணிட்டீங்க?" நாத்தனார் அழுதேவிட்டாள். "அவங்க கை நடுங்கிட்டா என்ன ஆகும்?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். இப்போது என்னால் மறந்துவிட்டால்? என் கத்தலில் வரிசை கலைந்து, எதை அழுத்தினோம் எதை அழுத்தவில்லை என்று குழம்பிவிட்டால்? காப்பாற்றப் போகிறேன் என்று போய் நானே கொன்றுவிட்டால்? அன்று நான் பட்டது என் எதிரிக்கும் வரக்கூடாது. கேட்பதற்குக்கூட வழியில்லை. கதவில் காதை வைத்தால் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

அப்போது உள்ளிருந்து நர்ஸின் குரல் வந்தது. சாத்திய கதவைத் தாண்டி, நடையில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வேண்டுமென்றே, எனக்காகவே, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சிங்க் ஆன்!"

மடாரென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் வலிக்கிறது என்று சொன்னதுகூடப் பிறகுதான் உறைத்தது. விசில் ஏறியது. நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பார்கள். அந்தப் பொறுமை மட்டும் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

பீப். பீப். பீப். பீப்.

லேசாகத்தான் கேட்டது. ஆனால் சீராக, ஒன்றின் பின் ஒன்றாக, அளந்து வைத்த மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் "என்ன அண்ணி, என்ன?" என்று உலுக்குகிறாள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டரம்மா கதவைத் திறந்து வந்து, முகக்கவசத்தை இறக்கி, "வந்துடுச்சும்மா" என்று தன் வாயால் சொல்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.

"நாங்க மறந்திருந்தா நீங்க கத்தினது நல்லதுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அடுத்த தடவ உங்கள கேன்டீன்ல உக்கார வைக்கப்போறேன்."

"அடுத்த தடவையா?"

"இந்தத் தாளம் எத்தன நாள் நிக்கும்னு சொல்ல முடியாது. சிலருக்கு வருஷக்கணக்கா நிக்கும். சிலருக்குச் சீக்கிரமே திரும்பிடும். பார்க்கலாம்."

சந்தோஷத்தை முழுசாக ஒரு வாய் சாப்பிட விடமாட்டார்கள்.

மத்தியானம் அவர் கண் விழித்தார். முதலில் கழுத்தில் இரண்டு விரல். கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும்."

"நான் சொல்லல?" என்று பெருமையாகச் சிரித்தார். நாத்தனார் சும்மா இருப்பாளா? நடந்ததை மொத்தமும் நடித்தே காட்டிவிட்டாள், மயக்க டாக்டர் கையைத் தூக்கினது வரைக்கும். அவர் சிரித்துச் சிரித்து, நெஞ்சு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டார். நான் பதறிப்போய் எழுந்தேன்.

அவள் டீ வாங்கப் போனதும் பாக்கியை எடுத்தேன். "ஏங்க, நான் முந்தறேன்னு ஏன் சொல்லல?"

அவருக்கு உடனே புரிந்தது. தாடியை வைதார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொல்லிட்டுத்தானே இருந்தேன். சொல்லச் சொல்ல நீ பயந்து பயந்து பேச ஆரம்பிச்ச. வாய் பொருந்துச்சு, உயிரு போயிடுச்சு. பயந்த குரல வச்சுக்கிட்டு மாமியார் எப்படி மருமகள மிரட்டுவா? போகட்டும், நீ உன் இஷ்டத்துக்குப் பேசு, இழுத்து வைக்கற வேலைய நான் பாத்துக்கறேன்னு விட்டுட்டேன். அதுல என்ன கஷ்டம்?"

சண்டை போடலாம் என்று இத்தனை நேரம் காத்திருந்தேன். கடைசியில் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சில வாரத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். புதுத் தொடர், இந்த முறையும் எனக்கு ஒரு கொடுமைக்காரிதான். மைக் முன்னால் நின்றேன். "சிங்க் ஓகே" என்றார், சிவப்பு விளக்கு எரிந்தது, முதல் வசனத்தை விட்டேன். நல்ல கோபத்தோடு, நன்றாகவே.

பொத்தான் அழுத்துகிற சத்தம் ஹெட்போனில் கேட்டது.

"சிங்க் இல்ல. இன்னொரு தடவ."

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி கேட்கிறேன். சரி, தெரிந்துபோய்விட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி பேசினேன். மறுபடி சொன்னார். பொறுமையாக, புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்கிற மாதிரி. "அவ மூச்ச இழுக்கறா பாரு. அது முடியற வரைக்கும் பொறு. நீயே பாத்துப் பழகிக்க."

நீயே பாத்துப் பழகிக்க. அந்த வார்த்தையில்தான் எனக்குப் புரிந்தது. அவரையும் அறியாமல் இடது கை விரல் இரண்டும் கழுத்துக்குப் போயிருந்தன. எத்தனை நாள் நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார். தனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வரப்போகிறவன் இழுத்து வைப்பானோ மாட்டானோ என்று, இந்த மனுஷன் இப்போதே எனக்குப் பாடம் நடத்துகிறார்.

மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னபடி செய்ய எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அம்மணி மூச்சை இழுக்கிறாள், தெரிகிறது. முடியும் வரை பொறுத்தால் பொருந்திவிடும். ஆஸ்பத்திரி நடையில் ஒரு தடவை பொறுத்துப் பார்த்தவள்தானே நான்.

விளக்கு எரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள். நான் பொறுக்கவில்லை. முன்னைவிட அதிகமாக முந்தி, கத்தித் தீர்த்தேன்.

"சிங்க் இல்ல. இன்னொரு..."

"இல்லாட்டி போகுது" என்றேன். "எனக்கு வராது. நீங்க இழுத்து வைங்க."

கண்ணாடியில் பார்த்தேன். கழுத்திலிருந்த கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, என் பச்சைப் பட்டையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வசனம்" என்றார்.